“மேலே” என்றால் எது? ஆட்சி முறையையும் நில அமைப்பையும் சேர்த்து நடத்துவது பற்றி

கேள்வி இது: “உயர்நிலைப் பள்ளியில் புதிதாகச் சமூக அறிவியல் ஆசிரியராகச் சேர்ந்திருக்கிறேன். ஒன்பதாம், பத்தாம் வகுப்பு எடுக்கிறேன். குடிமையியலில் ஆட்சி முறைகள் என்று ஆரம்பித்தாலே பிள்ளைகள் கொட்டாவி விடுகிறார்கள். புவியியலில் மலை, பீடபூமி, ஆறு எல்லாவற்றையும் மனப்பாடம் செய்கிறார்கள், தேர்வு முடிந்த மறுநாள் மறந்துவிடுகிறார்கள். இரண்டையும் எப்படி நடத்தினால் மனதில் நிற்கும்? வரைபடத்துக்கும் ஒரு வழி சொல்லுங்கள். இதற்கெல்லாம் நேரம் எங்கே என்பதையும் சொல்லுங்கள்.”

காவிரிப் பாசனப் பகுதியில் ஓர் அரசுப் பள்ளியில் இருபது வருடத்துக்கு மேல் இந்தப் பாடத்தை எடுத்திருக்கிறேன். முதல் சில வருடங்கள் எனக்கும் உங்கள் கதைதான். புவியியலை ஒரு மாதம், குடிமையியலை இன்னொரு மாதம் என்று தனித்தனியாக நடத்தினேன். அதை மாற்றியது ஒரு பையன் கேட்ட கேள்வி. அந்த வருடம் வாய்க்காலில் தண்ணீர் வரத் தாமதமாகியிருந்தது. அவன் எழுந்து, “டீச்சர், ஷட்டர் ஏன் தெறக்கலைன்னு எங்கப்பா லஸ்கர்கிட்ட கேட்டாரு. மேலேருந்து உத்தரவு வரலைன்னு சொல்லிட்டாராம். மேலன்னா எது டீச்சர்?” என்றான்.

லஸ்கர் என்பவர் ஆற்று மதகுகளைத் திறந்து மூடும் நீர்வளத்துறையின் கடைநிலை ஊழியர். டெல்டா கிராமங்களில் எல்லோருக்கும் தெரிந்த மனிதர். அவர் சொன்ன அந்த “மேலே” எனக்கு அன்று முழுவதும் மண்டையில் ஓடிக்கொண்டே இருந்தது. நம் பேச்சில் மேட்டு நிலமும் மேலேதான், அதிகாரியும் மேலேதான். தண்ணீரும் மேலேயிருந்து வருகிறது, உத்தரவும் மேலேயிருந்து வருகிறது. இரண்டு பாடத்துக்கும் ஒரே கயிறு இங்கேயே இருக்கிறது. அன்றிலிருந்து நான் ஆற்றின் ஓரமாக மேல்நோக்கி நடந்துதான் இரண்டையும் நடத்துகிறேன். நிலம் முதலில், சட்டம் அப்புறம்.

இப்போது விவரமாகச் சொல்கிறேன்.

முதல் வகுப்புக்கு நான் புத்தகத்தைத் திறப்பதில்லை. ஜூன் மாதம் பள்ளி திறந்த வாரத்தில் கரும்பலகையின் வலது மூலையில் மூன்று வரிக்கு இடம் ஒதுக்கிவிடுவேன்: மேட்டூர் நீர்மட்டம், வரத்து, திறப்பு. தினமும் ஒரு மாணவர் செய்தித்தாளைப் பார்த்து எழுத வேண்டும். டெல்டாவில் இது எல்லா வீட்டிலும் காதில் விழும் எண். ஆனால் அதன் பொருள் பெரியவர்களிலேயே பலருக்குத் தெளிவாகத் தெரியாது. அதனால் ஒரு கணக்குப் போடச் சொல்வேன். கனஅடி என்றால் ஓர் அடி நீளம், ஓர் அடி அகலம், ஓர் அடி உயரம் உள்ள ஒரு பெட்டித் தண்ணீர். ஒரு டிஎம்சி என்பது 100 கோடி கனஅடி, அதாவது சுமார் 2,830 கோடி லிட்டர். விநாடிக்கு 10,000 கனஅடி திறந்தால் ஒரு நாளைக்கு எவ்வளவு? ஒரு நாளில் 86,400 விநாடி, பெருக்கினால் 86 கோடி கனஅடி, அதாவது 0.86 டிஎம்சி. மேட்டூர் அணை 120 அடி நிரம்பினால் 93.47 டிஎம்சி. அப்படியானால் வரத்து சுத்தமாக இல்லாமல் எத்தனை நாள் திறக்கலாம்? ஏறக்குறைய 108 நாள்.

வழக்கமாக மேட்டூர் ஜூன் 12இல் திறந்து ஜனவரி 28இல் மூடப்பட வேண்டும். எண்ணிப் பார்த்தால் 231 நாள். 108 எங்கே, 231 எங்கே? மீதித் தண்ணீர் எங்கிருந்து வரும்? இந்த இடத்தில் வகுப்பு அமைதியாகிவிடும். குறுவை, சம்பா என்ற நெல் பட்டங்களுக்கு நாள் கணக்குத் தெரிந்த விவசாயி வீட்டுப் பிள்ளைகள் முதலில் பேச ஆரம்பிப்பார்கள். கணக்கில் பின்தங்கிய பிள்ளைகளும் இதில் விடை சொல்வதைப் பார்த்திருக்கிறேன்.

மீதித் தண்ணீர் எங்கிருந்து என்ற கேள்விக்குப் பதில் பருவமழை. புத்தகத்தில் தென்மேற்குப் பருவக்காற்று, வடகிழக்குப் பருவக்காற்று என்று இரண்டு பத்திகள் இருக்கும். அவற்றை இந்த இடத்தில் கொண்டுவாருங்கள். ஜூனிலிருந்து செப்டம்பர் வரை காற்று அரபிக்கடலிலிருந்து வந்து மேற்குத் தொடர்ச்சி மலையில் மோதுகிறது. கர்நாடகத்தின் குடகிலும் கேரளத்தின் வயநாட்டிலும் கொட்டுகிறது. மலையைத் தாண்டி இந்தப் பக்கம் இறங்கும்போது காற்றில் ஈரம் குறைந்துவிடுகிறது. நாம் மழைமறைவுப் பகுதி. அந்த நான்கு மாதத்தில் தஞ்சாவூருக்கும் நாகப்பட்டினத்துக்கும் பெரிய மழை கிடையாது. நம் மழை அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை. ஆனால் குறுவை நாற்று விடுவது ஜூனில். ஆக, மழை பெய்வது பக்கத்து மாநிலங்களில், பயிர் நிற்பது நம் மாநிலத்தில். காவிரிப் பிரச்சினையின் வேர் இதுதான், இது முழுக்கப் புவியியல். இதைப் புரியவைக்காமல் நடுவர் மன்றம், ஆணையம் என்று போனால் அவை வெறும் பெயர்களாகவே நின்றுவிடும்.

அடுத்து நில அமைப்பு. இதற்கு எனக்குக் கைகொடுத்தது ஒரு நீளமான தாள். பழைய காலண்டர் தாள்களைப் பின்பக்கம் ஒட்டி நீளமாக்கி, கீழே தூரம், பக்கத்தில் உயரம் என்று குறித்துக்கொள்வோம். தலைக்காவிரி, பிரம்மகிரி மலையில், சுமார் 1,300 மீட்டர். கர்நாடகத்தின் கிருஷ்ணராஜசாகர் அணை, சுமார் 750 மீட்டர். மேட்டூர், அணை நிரம்பியிருக்கும்போது 240 மீட்டர். திருச்சி, ஏறக்குறைய 80. பூம்புகார், சுழி. ஏறக்குறைய 800 கிலோமீட்டர் ஓடும் ஆறு. புள்ளிகளைச் சேர்த்துக் கோடு போட்டால் பிள்ளைகளே பார்த்துவிடுவார்கள்: பீடபூமியிலிருந்து இறங்கும் இடத்தில் கோடு மடமடவென்று சரிகிறது, திருச்சிக்குக் கீழே படுத்துவிடுகிறது.

அந்தக் கோட்டிலிருந்து எத்தனையோ கேள்விகள் கேட்கலாம். அருவிகள் ஏன் சிவசமுத்திரத்திலும் ஒகேனக்கலிலும் இருக்கின்றன, கும்பகோணத்தில் ஏன் இல்லை? 1902லேயே சிவசமுத்திரத்தில் மின்சாரம் எடுத்துக் கோலார் தங்கவயலுக்கு ஏன் கொண்டுபோக முடிந்தது? அணை கட்ட மேட்டூரில் இடம் கிடைத்தது, தஞ்சாவூரில் ஏன் கிடைக்கவில்லை? திருச்சிக்குப் பக்கத்தில் முக்கொம்புக்குப் பிறகு ஆறு ஏன் கிளை கிளையாகப் பிரிகிறது? சரிவு குறைந்தால் வேகம் குறையும், வேகம் குறைந்தால் சுமந்து வந்த வண்டலைக் கீழே போடும், போட்ட மண்ணே ஆற்றுக்குத் தடையாகி அதை வேறு பக்கம் திருப்பும். டெல்டா உருவாகும் விதத்தை இப்படி ஒருவர் பின் ஒருவராக அவர்களே சொல்லி முடிப்பார்கள். “நாம உக்காந்திருக்கிற மண்ணு குடகுலேருந்து வந்ததா டீச்சர்?” என்று ஒரு பெண் கேட்டாள். அதன் ஒரு பகுதியாவது மேலே மலையிலிருந்தும் பீடபூமியிலிருந்தும் வந்ததுதான் என்றேன். அன்று மதியம் அவர்கள் மைதானத்து மண்ணைக் கையில் எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

சமஉயரக் கோடு நடத்த உருளைக்கிழங்கு போதும். பெரிய கிழங்காக ஒன்றைப் பாதியாக நறுக்கி, கண்ணாடிப் பாத்திரத்தில் குப்புறக் கவிழ்த்து, மிதக்காமல் இருக்க உச்சியில் ஒரு குச்சியால் லேசாக அழுத்திப் பிடித்துக்கொண்டு, ஒரு சென்டிமீட்டர் தண்ணீர் ஊற்றி, தண்ணீர் தொடும் விளிம்பில் பேனாவால் கோடு போட வேண்டும். இன்னும் ஒரு சென்டிமீட்டர், இன்னொரு கோடு. கடைசியில் கிழங்கை வெளியே எடுத்து மேலிருந்து பார்த்தால் வளையம் வளையமாகத் தெரியும். செங்குத்தான பக்கம் கோடுகள் நெருங்கியிருக்கும், சாய்வான பக்கம் விலகியிருக்கும். அதற்குப் பிறகு சர்வே ஆஃப் இந்தியாவின் 1:50,000 நிலப்படத்தாளைக் கொடுத்தால் பயப்பட மாட்டார்கள்.

இப்போது ஆட்சிக்கு வருவோம். அந்தப் பையன் கேட்ட “மேலே” இப்போதுதான் தொடங்குகிறது. கரும்பலகையின் அடியில் “லஸ்கர்” என்று எழுதி, அவருக்கு உத்தரவு கொடுப்பவர் யார் என்று கேட்பேன். உதவிப் பொறியாளர், செயற்பொறியாளர், தலைமைப் பொறியாளர், துறைச் செயலாளர், நீர்வளத்துறை அமைச்சர், முதலமைச்சர். ஒவ்வொரு படியிலும் ஒரே கேள்வி: இவரை நாம் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்தோமா, இல்லை தேர்வு எழுதி வந்தவரா? கோடு எந்த இடத்தில் மாறுகிறது? செயலாளருக்கும் அமைச்சருக்கும் நடுவில். அங்கே ஒரு சிவப்புச் சாக்பீஸ் கோடு போடுவேன். நிரந்தர நிர்வாகம், மக்கள் தேர்ந்தெடுத்த நிர்வாகம் என்ற வேறுபாடு அந்த ஒரு கோட்டில் அடங்கிவிடும். அந்த அமைச்சர் யாருக்குப் பதில் சொல்ல வேண்டும்? சட்டமன்றத்துக்கு. சட்டமன்றத்தில் நம் ஊருக்காக உட்கார்ந்திருப்பது யார்? பெயரைச் சொல்லுங்கள். நாடாளுமன்ற ஆட்சி முறை என்ற சொல்லை இதற்குப் பிறகுதான் எழுதுவேன்.

ஆளுநர் எங்கே வருகிறார் என்று யாராவது கேட்பார்கள். ஓர் அரசாணையின் நகலை எடுத்துப் போங்கள். எந்தத் துறை அரசாணையாக இருந்தாலும் சரி. கடைசிப் பக்கத்தில் “ஆளுநரின் ஆணைப்படி” என்று இருக்கும், அதன் கீழே கையெழுத்து அரசுச் செயலாளருடையது. முடிவு எடுத்தது அமைச்சரவை, பெயர் ஆளுநருடையது, கையெழுத்து செயலாளருடையது. பெயரளவு நிர்வாகத் தலைவர், உண்மையான நிர்வாகத் தலைவர் என்று புத்தகத்தில் இருப்பதை அந்த ஒரு தாளில் விரல் வைத்துக் காட்டலாம். பிள்ளைகள் அரசாணையைத் தொட்டுப் பார்ப்பது அதுதான் முதல் தடவையாக இருக்கும். நான் நகலைச் சுற்றுக்கு விட்டுவிடுவேன், கசங்கி வந்தாலும் பரவாயில்லை.

இப்படிப் போய் முதலமைச்சர் வரை வந்தாயிற்று. ஆனால் முதலமைச்சர் மேட்டூரைத்தான் திறக்க முடியும். மேட்டூருக்கே தண்ணீர் வராவிட்டால்? இங்கே நான் வகுப்பை வெளியே அழைத்துப் போய்விடுவேன்.

மைதானத்து ஓரத்தில் மண்ணைக் குவித்து, சரிவாக ஒரு ஆறு தோண்டி, நான்கு குழுவாகப் பிரிப்போம். உச்சியில் ஒரு சின்னக் குழு, அது வயநாடு. அதன் கீழே ஒரு குழு கர்நாடகம், அதற்குக் கீழே பெரிய குழு தமிழ்நாடு, கடைசியில் கடலோரமாக இரண்டே பேர், காரைக்கால். புதுச்சேரி ஒன்றியப் பிரதேசத்தின் பகுதி என்பதையும் அப்போதே சொல்லிவிடுவேன். ஒரு பிள்ளை உச்சியில் குவளையால் தண்ணீர் ஊற்ற, மற்றவர்கள் தங்கள் இடத்தில் என்ன வேண்டுமானாலும் செய்துகொள்ளலாம். இரண்டாவது குவளைக்குள் மேல் குழு கையால் மண்ணை அள்ளி அணை கட்டிவிடும். வருடா வருடம் இதே தான் நடக்கிறது. கீழே இருப்பவர்கள் கத்துவார்கள். மேலே இருப்பவர்கள், “எங்க எடத்துல பேஞ்ச மழை” என்பார்கள். கீழே இருப்பவர்கள், “நாங்க முன்னாடியே பயிர் வச்சிட்டோம்” என்பார்கள். ஐம்பது வருடம் நீதிமன்றங்களில் நடந்த வாதத்தின் இரண்டு தலைப்புகளும் ஐந்து நிமிடத்தில் வந்துவிடும்.

சத்தம் அடங்கியதும், சரி, என்ன செய்யலாம் என்று கேட்பேன். “நடுவுல ஒரு ஆளைப் போடுங்க டீச்சர்” என்று யாராவது சொல்வார்கள். அந்த நடு ஆளை யார் நியமிப்பது? மேல் குழுவா, கீழ் குழுவா? “ரெண்டு பேரும் வேணாம், நீங்க போடுங்க.” அந்த “நீங்க” தான் ஒன்றிய அரசு. அவர் சொன்னதைக் கேட்காவிட்டால்? “அளக்கறதுக்கு எல்லையில ஒருத்தரை நிக்க வைங்க.” இப்படி அவர்களாகவே ஒரு கூட்டாட்சியைக் கட்டிக்கொண்டுவருவார்கள்.

மறுநாள் வகுப்பில் அரசமைப்புச் சட்டத்தைத் திறக்கலாம். ஏழாவது அட்டவணையில் மாநிலப் பட்டியலில் 17ஆவது இனம், தண்ணீர், பாசனம், கால்வாய், நீர்த்தேக்கம். ஆனால் அந்த இனத்திலேயே ஒரு வால் இருக்கிறது: ஒன்றியப் பட்டியலின் 56ஆவது இனத்துக்கு உட்பட்டது என்று. 56ஆவது இனம், மாநிலங்களுக்கிடையே ஓடும் ஆறுகள். சண்டை வந்தால் தீர்க்க நாடாளுமன்றம் சட்டம் இயற்றலாம் என்கிறது 262ஆவது உறுப்பு. அதன்படி வந்தது 1956ஆம் ஆண்டின் மாநிலங்களுக்கிடையேயான நதிநீர்த் தகராறுகள் சட்டம். அந்தச் சட்டத்தின்படி 1990 ஜூனில் அமைந்தது காவிரி நடுவர் மன்றம். நேற்று மண்ணில் சொன்ன “நடுவுல ஒரு ஆள்” இதுதான் என்றதும் பிள்ளைகள் முகத்தில் வரும் சிரிப்பை நீங்கள் பார்க்க வேண்டும்.

எண்களையும் சொல்லிவிடுங்கள், பிள்ளைகளுக்கு எண்கள் பிடிக்கும். 2007 பிப்ரவரி 5இல் நடுவர் மன்றத்தின் இறுதித் தீர்ப்பு: மொத்தம் 740 டிஎம்சி, அதில் தமிழ்நாட்டுக்கு 419, கர்நாடகத்துக்கு 270, கேரளத்துக்கு 30, புதுச்சேரிக்கு 7, மீதி சுற்றுச்சூழலுக்கும் கடலில் கலப்பதற்கும். 2018 பிப்ரவரி 16இல் உச்ச நீதிமன்றம் தமிழ்நாட்டின் பங்கை 404.25 ஆகக் குறைத்து, கர்நாடகத்தின் பங்கை 284.75 ஆக்கியது. கூடுதலாகக் கொடுத்த 14.75இல் 4.75 பெங்களூருவின் குடிநீர் உள்ளிட்ட தேவைக்கு. எல்லையில் பிலிகுண்டுலுவில் இயல்பான ஆண்டில் 177.25 டிஎம்சி வர வேண்டும். அங்கே அளப்பது தமிழ்நாடும் இல்லை, கர்நாடகமும் இல்லை, மத்திய நீர் ஆணையம். 2018 ஜூனில் காவிரி நீர் மேலாண்மை ஆணையம் வந்தது. லஸ்கரிலிருந்து ஏறிய ஏணி இப்போது டெல்லியில் போய் நிற்கிறது. சட்டமன்றம், அமைச்சரவை, நாடாளுமன்றம், நடுவர் மன்றம், உச்ச நீதிமன்றம், எல்லாம் ஒரு மதகின் கதைக்குள் வந்துவிட்டன.

இந்த இடத்தில் ஓர் எச்சரிக்கை, அழுத்தியே சொல்கிறேன். பதினைந்து வயதுப் பிள்ளைகளுக்குக் காவிரியை நடத்தும்போது பக்கத்து மாநிலத்து மக்கள்மேல் வெறுப்பு வந்துவிடக் கூடாது. அது உங்கள் கையில்தான் இருக்கிறது. மண்ணாற்று விளையாட்டில் குழுக்களை இடம் மாற்றுங்கள். நேற்றுக் கீழே கத்தியவர்கள் இன்று மேலே போகட்டும். அவர்களும் அணை கட்டுவார்கள், நிச்சயமாகக் கட்டுவார்கள். கர்நாடகத்தின் மண்டியாவிலும் நம்மைப்போலவே நெல் விவசாயி இருக்கிறார், அவர் கரும்பும் போடுகிறார், அவர் வீட்டிலும் பள்ளிக்கூடம் போகும் பிள்ளை இருக்கிறது. நம் உரிமையை விட்டுக்கொடுக்காமலே இதைச் சொல்லலாம். 1892, 1924 காவிரி ஒப்பந்தங்களைப் பற்றிப் பேசும்போதும் இதே நேர்மை வேண்டும். ஒரு பக்கம் ஆங்கிலேயர் நேரடியாக ஆண்ட சென்னை மாகாணம், இன்னொரு பக்கம் ஆங்கிலேயரின் மேலாதிக்கத்தின் கீழ் இருந்த மைசூர் சமஸ்தானம். சமமில்லாத இருவர் போட்ட கையெழுத்து என்று கர்நாடகத்தில் சொல்வதற்கு என்ன காரணம் என்று மாணவர்களே யோசிக்கட்டும். அதற்குத் தமிழ்நாடு சொன்ன பதிலையும் யோசிக்கட்டும். ஆட்சி முறை மாறினால் ஒப்பந்தத்தின் கதி என்ன என்பது உயர்ந்த குடிமையியல் கேள்வி.

நீங்கள் டெல்டாவில் இல்லாமல் இருக்கலாம். அது ஒன்றும் தடையில்லை. தேனியில் இருந்தால் முல்லைப்பெரியாறு இருக்கிறது. மேற்கே ஓடிய ஆற்றை மலையைக் குடைந்து கிழக்கே திருப்பி 1895இல் திறந்தார்கள். அணை நிற்பது ஒரு மாநிலத்தில், பராமரிப்பது இன்னொரு மாநிலம். நீர்ப்பிரி மேடு என்ற சொல்லை இதைவிட நன்றாக விளக்க எந்தப் படமும் இல்லை. சென்னையில் இருந்தால் கிருஷ்ணா நீரும் அடையாறும். திருநெல்வேலிக்காரர்களுக்கு நான் சொல்லும் கேள்வி வேறு: தாமிரபரணிக்கு ஏன் நடுவர் மன்றம் இல்லை? பொதிகையில் பிறந்து மன்னார் வளைகுடாவில் சேரும் வரை அது ஒரே மாநிலத்துக்குள் ஓடுகிறது. மாநிலப் பட்டியலின் 17ஆவது இனமே அதற்குப் போதும். ஆறு எல்லையைத் தாண்டுகிறதா இல்லையா என்பது மட்டும் மாறினால் முடிவு எடுப்பவர் யார் என்பதே மாறிவிடுகிறது. காவிரியையும் தாமிரபரணியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் கூட்டாட்சியில் ஒன்றியத்துக்கும் மாநிலத்துக்கும் அதிகாரம் எப்படிப் பிரிந்திருக்கிறது என்பது விளங்கிவிடும்.

ஒன்பதாம் வகுப்பில் ஆட்சி முறைகளின் வகைகள் வரும்போது வெளிநாட்டு உதாரணங்களுக்கும் தண்ணீரையே பிடித்துக்கொள்ளுங்கள். அமெரிக்காவில் கொலராடோ ஆற்றை ஏழு மாநிலங்கள் 1922இல் தங்களுக்குள் ஒப்பந்தம் போட்டுப் பிரித்துக்கொண்டன. அங்கே மாநில ஆளுநரையே மக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கிறார்கள். நம் ஆளுநருக்கும் அவருக்கும் பெயர் ஒன்று, வேலை வேறு. நெதர்லாந்தில் நிலத்தின் கால் பகுதி கடல்மட்டத்துக்குக் கீழே. அங்கே கரைகளையும் வடிகால்களையும் பார்த்துக்கொள்ள நீர் வாரியங்கள் என்று தனி அமைப்புகள் 13ஆம் நூற்றாண்டிலிருந்து இருக்கின்றன. இன்றும் அவற்றுக்குத் தனியாகத் தேர்தல் நடக்கிறது.

இதைச் சொன்னதும் நம் பிள்ளைகளை உத்திரமேரூருக்குக் கூட்டி வாருங்கள். வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் முதலாம் பராந்தகன் காலத்து, 919, 921ஆம் ஆண்டுக் கல்வெட்டுகள். குடவோலை என்றால் எல்லோருக்கும் தெரியும். ஆனால் அந்தக் குடவோலையில் தேர்ந்தெடுத்த வாரியங்களில் ஒன்று ஏரி வாரியம் என்பதைப் பலர் கவனிக்காமல் நடத்திவிட்டுப் போய்விடுகிறார்கள். பெரிய வற்றாத ஆறு இல்லாத வட தமிழ்நாட்டுச் சமவெளி அது. மழைத் தண்ணீரை ஏரியில் தேக்கினால்தான் விளைச்சல். அதனால் ஊர் ஆட்சியிலேயே ஏரிக்கென்று ஒரு குழு. ஊரை முப்பது குடும்புகளாக, அதாவது பகுதிகளாக, பிரித்து, ஓலை எழுதிப் போட்டு, ஒரு வருடப் பதவி, கணக்குக் காட்டாதவருக்கு மறுபடி இடமில்லை. அதே மூச்சில் இன்னொன்றையும் சொல்ல வேண்டும்: நிலம் வைத்திருந்தவர்கள், வேதம் படித்தவர்கள், அதுவும் ஆண்கள் மட்டும்தான் அதில் நிற்க முடிந்தது. இதை மறைத்துவிட்டு வெறும் பெருமையாகச் சொன்னால் வகுப்பில் உட்கார்ந்திருக்கும் பாதிப் பேருக்கு நாம் பொய் சொன்னதாகிவிடும்.

நிலம்தான் ஆட்சியைத் தீர்மானிக்கிறது என்று மட்டும் முடித்துவிடாதீர்கள், அது தவறு. இதே காவிரிக் கரையில் சோழர் ஆண்டார்கள், மராத்தியர் ஆண்டார்கள், ஆங்கிலேயர் ஆண்டார்கள், இப்போது குடியரசு. ஆறு மாறவில்லை. நிலம் ஒரு கேள்வியைக் கேட்கிறது, ஒவ்வொரு காலத்து மக்களும் தங்களுக்குத் தெரிந்த பதிலைச் சொல்கிறார்கள். கல்லணையும் ஒரு பதில், மேலணையும் ஒரு பதில், மேலாண்மை ஆணையமும் ஒரு பதில்.

வரைபடம் கேட்டிருந்தீர்கள். பத்தாம் வகுப்புத் தேர்வுக்கு வரைபடம் கட்டாயம் என்பதால் பல இடங்களில் ஆறுகளின் பெயரை மனப்பாடம் செய்யவைத்துக் கோடு இழுக்கச் சொல்கிறார்கள். நான் ஆற்றை முதலில் போட விடுவதில்லை. வெற்று இந்தியா வரைபடத்தில் முதலில் மலைகள், பழுப்பு நிறத்தில், தடித்த கோடாக. மேற்குத் தொடர்ச்சி மலை கடலை ஒட்டி, கிழக்குத் தொடர்ச்சி மலை விட்டு விட்டு. இப்போது தக்காணப் பீடபூமி எந்தப் பக்கம் சரிந்திருக்கும் என்று அம்புக்குறி போடச் சொல்வேன். மேற்கு உயரம், கிழக்கு தாழ்வு. அதன்பிறகு ஆறுகளை அவர்களே போட்டுவிடுவார்கள், கோதாவரி, கிருஷ்ணா, காவிரி எல்லாம் கிழக்கே. நர்மதையும் தபதியும் மட்டும் ஏன் மேற்கே என்று கேள்வி வரும், அப்போது பிளவுப் பள்ளத்தாக்கைச் சொல்லுங்கள். ஆறுகள் எல்லாம் முடிந்த பிறகு கடைசியாக மாநில எல்லைகள், சிவப்பில். எந்த எல்லை ஆற்றை வெட்டுகிறது, எங்கே ஆறே எல்லையாக ஓடுகிறது என்று எண்ணச் சொல்லுங்கள். சிவப்பு நீலத்தை வெட்டும் ஒவ்வொரு இடத்திலும் ஓர் ஒப்பந்தமோ ஒரு வழக்கோ இருக்க வாய்ப்புண்டு. இந்த வரிசையில் போட்ட வரைபடம் மறப்பதில்லை.

தேர்வில் என் சொந்தக் கேள்விகளையும் சேர்ப்பேன். “காவிரி எங்கே உற்பத்தியாகிறது?” என்பதற்குப் பதிலாக: “ஜூலை முதல் வாரம் வயநாட்டில் நல்ல மழை, குடகில் மழை குறைவு. மேட்டூருக்குத் தண்ணீர் வருமா?” வயநாட்டு மழை கபினி அணைக்கும், குடகு மழை கிருஷ்ணராஜசாகருக்கும் போகிறது. கபினி அணையின் கொள்ளளவு சுமார் 19.5 டிஎம்சிதான், கிருஷ்ணராஜசாகர் 49 டிஎம்சிக்கு மேல். அதனால் வயநாட்டில் கொட்டினால் கபினி சீக்கிரம் நிரம்பி, உபரி நமக்கு வந்துவிடும். ஒரு வருடம் ஒரு பெண் இதற்கு விடை எழுதிவிட்டு, கீழே, “ஆனா இது நமக்குக் கெடச்ச அதிர்ஷ்டம், உரிமை இல்ல. உரிமை பிலிகுண்டுலு கணக்குல இருக்கு” என்று பேச்சுத் தமிழிலேயே எழுதியிருந்தாள். முழு மதிப்பெண் கொடுத்தேன்.

உள்ளாட்சியைக் கடைசியில் நடத்துவேன், ஏனென்றால் அதில் அவர்கள் ஏதாவது செய்ய முடியும். டெல்லி வரை ஏறியவர்களைத் திரும்ப ஊருக்கு இறக்க வேண்டும். 73ஆவது திருத்தத்துக்குப் பிறகு பதினோராவது அட்டவணையில் இருக்கும் 29 இனங்களில் குடிநீரும் சிறு பாசனமும் இருக்கின்றன. கிராம நிர்வாக அலுவலரிடம் கேட்டு, பள்ளிக்கு அருகில் இருக்கும் ஒரு வாய்க்காலின் புலப்படத்தை, அதாவது நில அளவைத் துறையின் அளவு குறித்த படத்தை, வாங்கிக்கொள்ளுங்கள். புலப்படத்தில் எத்தனை அகலம், இன்று நேரில் எத்தனை அகலம் என்று நாடாவால் அளக்கச் சொல்லுங்கள். ஒருமுறை நாங்கள் அளந்தபோது தாளில் இருந்ததில் பாதிகூட நேரில் இல்லை. மாணவர்கள் அதை ஒரு மனுவாக எழுதி, மார்ச் 22 கிராம சபைக் கூட்டத்தில் தங்கள் பெற்றோர் மூலம் கொடுத்தார்கள். வாக்காளர் பட்டியலில் இருப்பவர்தான் கிராம சபை உறுப்பினர் என்பதால், பிள்ளைகள் பின்வரிசையில் நின்று பார்த்தார்கள். உடனே எதுவும் நடக்கவில்லை. அடுத்த கூட்டத்தில் ஒரு தாய் எழுந்து, போன தடவை கொடுத்த மனு என்னாச்சு என்று கேட்டார். அது தீர்மானப் பதிவேட்டில் ஏறியது. அந்த ஒரு வரியை நான் வகுப்பில் அப்படியே எழுதிப்போட்டேன்.

நேரம் எங்கே என்று கேட்டீர்கள், நியாயமான கேள்வி. மண்ணாறு ஒரு பாடவேளை, உயரக் கோட்டுத் தாள் இரண்டு, அரசாணையும் ஏணியும் ஒன்று, அரசமைப்பு இரண்டு, வாய்க்கால் அளப்பது ஒரு சனிக்கிழமை. ஆக மொத்தம் ஏழெட்டுப் பாடவேளை. இதில் பருவமழை, ஆறுகள், ஒன்றிய அரசு, மாநில அரசு, உள்ளாட்சி எல்லாவற்றிலும் பாதி முடிந்துவிடும், மீதியைப் புத்தகத்தை வைத்து வேகமாக ஓட்டலாம். பிலிகுண்டுலு அளவையும் கரும்பலகை மூலையில் நான்காவது வரியாகச் சேர்த்துக்கொள்ளுங்கள். ஜனவரி வரை நிறுத்தாமல் எழுதவைத்து, பொங்கல் விடுமுறைக்குப் பிறகு அந்த எண்களை வரைகோட்டுத் தாளில் புள்ளி வைக்கச் சொல்லுங்கள். தென்மேற்குப் பருவமழை எந்த வாரம் தொடங்கியது, மதகு எந்த நாள் திறந்தது, எந்த வாரம் கர்நாடகத்திலிருந்து தண்ணீர் குறைந்தது எல்லாம் அந்த ஒரு கோட்டிலேயே இருக்கும்.